வீட்டு கிட் சர்வரில் 25,914 டேக்குகள்: அளந்தது, அழித்தது, மிச்சம் வைத்தது

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ச் சொல்லட்டைச் செயலியை நாங்கள் நான்கு பேர் ஓய்வு நேரத்தில் செய்துவருகிறோம். அட்டையில் ஒரு படம், ஒரு சொல். தொட்டால் அந்தச் சொல்லின் ஒலி வரும். அவ்வளவுதான். அதன் நிரல், சொற்பட்டியல், ஒலிக்கோப்புகள் எல்லாம் ஒரே கிட் ரிப்போவில் இருக்கின்றன. கிட் என்பது கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்திருக்கும் மென்பொருள்; ரிப்போ அந்த வரலாற்றின் சேமிப்பிடம். அந்த ரிப்போ சிங்கப்பூரின் செங்காங்கில் என் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் ஓடுகிறது. 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி எஸ்டி கார்டு. மற்ற மூவரும் வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைய இணைப்பு வழியாக வந்து எடுத்துக்கொள்வார்கள்.

எங்களில் ஒருவர் தமிழாசிரியை. எழுத்துப்பிழை பார்ப்பது அவர் பொறுப்பு. ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள் போன் செய்தார். “தம்பி, எம்ஆர்டி ரயில்ல போகும்போது கொஞ்சம் வேலை பாக்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தா, ஒண்ணுமே மாறலன்னாலும் டேட்டா போய்க்கிட்டே இருக்கு. என்னன்னு பாருங்க” என்றார். அவருடைய எடிட்டர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஃபெட்ச் செய்யும்படி, அதாவது சர்வரில் புதிதாக வந்ததைக் கேட்டு வாங்கும்படி, வைத்திருந்தார். ஒன்றும் மாறாத ரிப்போவில் ஃபெட்ச் செய்தால் எத்தனை பைட் போய்விடப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு

2025 ஜனவரி 10. என் மடிக்கணினியிலிருந்து ஃபெட்ச் செய்து நேரம் பார்த்தேன். பையை அப்போதுதான் மறுதொடக்கம் செய்திருந்ததால் அதன் கேஷ் (படித்த கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) காலி. 48 வினாடி ஆனது. உடனே இரண்டாம் முறை செய்ததில் 6 வினாடி. புதிதாக ஒரு கமிட்கூட, அதாவது பதிவுசெய்த ஒரு மாற்றம்கூட, வரவில்லை. கிட் அனுப்பி வாங்குவதைக் காட்டும் பாக்கெட் தடத்தைத் திறந்துவிட்டுப் பார்த்தால், திரை நிறைய டேக் பெயர்கள் ஓடின. டேக் என்பது ஒரு கமிட்டின்மேல் வைக்கும் பெயர்ச்சீட்டு. எல்லாம் ‘பில்ட்-20230714-0930’ வகையிலான பெயர்கள்.

எண்ணிப் பார்த்தேன்: 25,914. அது போக, நாங்களாகக் கையால் வைத்த டேக்குகள் 23.

அந்த 25,914-ஐ வைத்தது என் ஸ்கிரிப்ட். 2023 ஜூலையில் எழுதியது. அரை மணிக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் அதை எழுப்பும். எல்லா பிராஞ்சுகளிலும் (தனித்தனி வேலைக் கிளைகளிலும்) ஆகப் புதிய கமிட்டை எடுத்துச் செயலியைக் கட்டிப் பார்க்கும், அதாவது பில்ட் செய்யும். சரியாகக் கட்டினால் அந்தக் கமிட்டின்மேல் ஒரு டேக் வைக்கும். கமிட் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை நான் எழுதவே இல்லை. நாளுக்கு 48 வீதம் 546 நாள், கட்டத் தவறிய சில நூறு போக, கணக்கு சரியாக இருந்தது. டேக்குகள் சுட்டும் கமிட்டுகளைத் தனியாகப் பிரித்து எண்ணியபோது 1,137-தான் வந்தது. டிசம்பர் விடுமுறையில் யாரும் தொடாத ஒரு கமிட்டின்மேல் மட்டும் 1,900 டேக்குகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தன.

சரி, ஒரு டேக்கின் விலை என்ன என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கிட்டில் வெறும் டேக் என்பது ஒரு சிறு கோப்பு. கமிட்டின் அடையாளமான 40 எழுத்து ஹேஷ், ஒரு வரி முடிவு, மொத்தம் 41 பைட். செய்தியுடன் வைக்கும் டேக் என்றால் யார், எப்போது, ஏன் வைத்தார் என்ற விவரத்துடன் கூடுதலாக ஒரு ஆப்ஜெக்டும் (கிட்டின் தரவுக் கோப்பு) உருவாகும். என் ஸ்கிரிப்ட் செய்தியுடன்தான் வைத்திருந்தது. 41 பைட் கோப்பானாலும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் அதற்கு ஒரு 4 கேபி கட்டம் போய்விடும். ஆப்ஜெக்டுக்கு இன்னொரு 4 கேபி. 25,914 டேக்குகளின் ஹேஷ் கோப்புகளில் இருந்த உண்மையான எழுத்து 1 எம்பிக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டுக்குமாக எஸ்டி கார்டில் பிடித்திருந்த இடம் 202 எம்பி. கோப்புகளின் எண்ணிக்கை 51,828.

48 வினாடி எங்கே போனது என்பதும் இதில் தெரிந்துவிட்டது. ஃபெட்ச் வரும்போது சர்வர் ஒவ்வொரு டேக் கோப்பையும் திறந்து, பிறகு அந்த டேக் எந்தக் கமிட்டைச் சுட்டுகிறது என்று சொல்ல ஆப்ஜெக்டையும் திறக்க வேண்டும். சிறு சிறு கோப்பாக ஐம்பதாயிரத்தைத் திறப்பதுதான் எஸ்டி கார்டுக்கு ஆகவே ஆகாத வேலை.

ஆசிரியையின் டேட்டா கணக்கும் போட்டேன். இப்போதைய கிட் நெறிமுறையில் ஒரு டேக்குக்கு ஒரு வரி வரும்: நீளத்துக்கு 4 பைட், ஹேஷ் 40, இடைவெளி, பெயர் 29, சுட்டும் கமிட்டுக்கு 48, வரி முடிவு. ஆக 123 பைட். அதை 25,914-ஆல் பெருக்கினால் 3.2 எம்பி. சாதாரண ஃபெட்ச் புதிய டேக் வந்திருக்கிறதா என்று பார்க்க இந்தப் பட்டியலை ஒவ்வொரு முறையும் முழுதாகக் கேட்டு வாங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 64 எம்பி. அவர் சொன்னது ஒரு பைட் பிசகாமல் உண்மை.

அன்றிரவே அவருடைய கிட் அமைப்பில் டேக் வேண்டாம் என்று ஒரு வரி போடச் சொன்னேன். ‘ரிமோட்.ஆரிஜின்.டேக்ஆப்ட்’ என்பதற்கு ‘--நோ-டேக்ஸ்’ என்ற மதிப்பு. ஃபெட்ச் சில நூறு பைட்டுக்கு இறங்கியது. ஆனால் அது அவருக்கு மட்டும்தான் மருந்து, நோய் பையில் அப்படியே இருந்தது.

இதெல்லாம் ஏன் தானாகத் திரண்டு ஒரே கோப்பாகவில்லை என்று கேட்கலாம். கிட்டின் துப்புரவு வேலையான ஜிசி ஓடியிருந்தால் திரண்டிருக்கும். அதை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். சர்வரை அமைத்த முதல் வாரத்திலேயே, பெரிய ஒலிக்கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுருக்கப் பார்த்து, 2 ஜிபி நினைவகம் போதாமல் ஜிசி பாதியில் செத்துப்போனது. ‘ஜிசி.ஆட்டோ’வைப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஒன்றரை வருடம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை: தவறான வரிசை

காலையில் முதல் வேலையாக சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதிக்குப் போய் 64 ஜிபி தம்டிரைவ் ஒன்று வாங்கினேன். 14 வெள்ளி. வந்ததும் ரிப்போ முழுவதையும் ஒரே பண்டில் கோப்பாகக் கட்டி அதில் போட்டேன். இதைச் செய்யாமல் எதையும் தொட்டிருக்க மாட்டேன்.

அடுத்து ‘கிட் பேக்-ரெஃப்ஸ் --ஆல்’. எல்லா டேக்குகளையும் ‘பேக்டு-ரெஃப்ஸ்’ என்ற ஒரே கோப்பில் வரிவரியாக எழுதி, தனித்தனிக் கோப்புகளை எடுத்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. 25,914 கோப்புகள் இருந்த இடத்தில் 2.9 எம்பியில் ஒரு கோப்பு. டேக் சுட்டும் கமிட்டையும் அடுத்த வரியிலேயே எழுதி வைப்பதால் ஆப்ஜெக்டைத் திறக்க வேண்டிய தேவையும் போய்விட்டது. ஃபெட்ச் நேரம் 48 வினாடியிலிருந்து 2.6-க்கு இறங்கியது. இந்த ஒரு கட்டளையோடு நிறுத்தியிருந்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் 3.2 எம்பி பட்டியல் அப்படியேதான் இருந்தது.

எனவே அழிக்க ஆரம்பித்தேன். பில்ட் டேக்குகளின் பட்டியலை எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றாக ‘கிட் டேக் -டி’ கட்டளைக்கு ஊட்டினேன். காப்பிக்கடைக்குப் போய் வந்து பார்த்தால் 25 நிமிடத்தில் 3,100 டேக்தான் போயிருந்தது. ஒரு டேக்குக்கு கிட்டத்தட்ட அரை வினாடி. பையின் பச்சை விளக்கு ஓயாமல் மின்னியது. எஸ்டி கார்டுக்கு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன்: 8.5 ஜிபி.

உடனே நிறுத்தினேன். காரணம் யோசித்தால் எளிது. திரட்டிய கோப்பிலிருந்து ஒரு டேக்கை எடுக்க வேண்டுமென்றால் அந்த வரியை மட்டும் கிழித்தெடுக்க முடியாது. கிட் 2.9 எம்பி கோப்பு முழுவதையும் புதிதாக எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் ஒருமுறை. கடைசி வரை ஓட விட்டிருந்தால் 38 ஜிபி எழுதியிருக்கும், அதாவது 32 ஜிபி கார்டை ஒரு முழுச் சுற்றுக்கு மேல் தேய்த்திருக்கும். திரட்டாமல் தனிக் கோப்புகளாக இருந்தபோதே அழித்திருந்தால் வெறும் கோப்பு நீக்கம்தான். நான் திரட்டிவிட்டு அழித்தேன்; அழித்துவிட்டுத் திரட்டியிருக்க வேண்டும்.

திரட்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது? ‘கிட் அப்டேட்-ரெஃப் --எஸ்டிடின்’. மிச்சமிருந்த 22,814 டேக்குகளுக்கும் ‘டிலீட்’ என்று தொடங்கும் ஒவ்வொரு வரி, எல்லாம் ஒரே உரைக்கோப்பில். அதை இந்தக் கட்டளைக்கு ஊட்டினால் முழுவதையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்து, திரட்டிய கோப்பை ஒரே முறை திருப்பி எழுதும். 19 வினாடியில் முடிந்தது. அந்த 19 வினாடியை நான் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பார்த்தேன்.

ஞாயிறு: எடை குறையவில்லை

தொடங்கும்போது ரிப்போ 1.93 ஜிபி. என் மதிப்பில் அது 200 எம்பியைச் சுற்றித்தான் இருந்திருக்க வேண்டும். டேக்குகளை அழிப்பதற்கு முன்பே இதற்கு ஓர் அளவு எடுத்திருந்தேன்: எந்த பிராஞ்சிலும் இல்லாமல், டேக் பிடித்திருப்பதால் மட்டுமே உயிரோடு இருப்பவை எவ்வளவு? ‘கிட் ரெவ்-லிஸ்ட் --டிஸ்க்-யூசேஜ் --ஆப்ஜெக்ட்ஸ் --டேக்ஸ் --நாட் --பிராஞ்சஸ்’. கிட் 2.31 முதல் இந்த வசதி இருக்கிறது. விடை 1.5 ஜிபிக்குச் சற்று மேல். டேக் கணக்கில் நான் மிகவும் மதிக்கும் கட்டளை இதுதான். 41 பைட் கோப்பு ஒன்று எத்தனை எடையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறது என்பதை இது ஒன்றே காட்டும்.

பெரிய கோப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்ததும் புரிந்தது. 2023 ஜூலையில் ஒலிப்பதிவு நண்பர் மூல வேவ் கோப்புகளைத் தனி பிராஞ்சில் போட்டிருந்தார். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. நிமிடத்துக்கு 17 எம்பிக்கு மேல், மொத்தம் 95 நிமிடம். பிறகு அவற்றைச் சுருக்கி முதன்மை பிராஞ்சில் சேர்த்துவிட்டு, செப்டம்பரில் அந்த பிராஞ்சை அழித்தோம். அழித்தோம் என்று நினைத்தோம். அதற்குள் என் ஸ்கிரிப்ட் அந்த பிராஞ்சின் கமிட்டுகள்மேல் நூற்றுக்கணக்கில் டேக் வைத்திருந்தது. பிராஞ்ச் பெயர் போனாலும், ஒரே ஒரு டேக் பிடித்திருந்தால் போதும், அந்தக் கமிட்டும் அதன் கீழே உள்ள எல்லாமும் இருக்கும்.

இப்போது பில்ட் டேக்குகள் போய்விட்டன. ஜிசி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி. இந்த முறை அது சாகாமல் இருக்க மூன்று காரியம் செய்தேன். சுருக்கும் வேலைக்கு ஒரே இழை. சாளர நினைவகத்துக்கு 64 எம்பி உச்சவரம்பு. பிறகு ரிப்போவின் ‘இன்ஃபோ’ அடைவில் உள்ள பண்புக் கோப்பில், வேவ் கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம் என்று ஒரு வரி. 2023-இலேயே இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் ஜிசியை நிறுத்த வேண்டியே வந்திருக்காது. உடனடியாக நீக்கும்படி சொல்லி ஓட்டினேன். 11 நிமிடம்.

முடிந்ததும் அளந்தேன். 1.72 ஜிபி. டேக்குகள் பிடித்திருந்த 202 எம்பி மட்டும் போயிருந்தது. ஒலிக்கோப்புகள் அசையவில்லை.

மறுபடியும் அதே கட்டளை, மறுபடியும் 1.5 ஜிபி. கையால் வைத்த 23 டேக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ‘ஒலிப்பதிவு-முழுமை’ என்று ஒன்று இருந்தது. அதன் செய்தி: “எல்லாக் குரல்களும் வெட்டாமல். இதிலிருந்துதான் மற்றவை.” நண்பருக்குப் போன் செய்தேன். “அண்ணே, அதை மட்டும் அழிச்சிடாதீங்க. பிராஞ்சை எடுத்தா காணாமப் போயிடுமேன்னுதான் டேக் வச்சேன்” என்றார்.

இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் டேக்குகளில் டேக் என்ற பொருளை அதற்குரிய காரியத்துக்குச் சரியாகப் பயன்படுத்தியது அவர்தான். இழக்கக் கூடாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, ஏன் என்றும் எழுதி வைத்திருந்தார். பிரச்சினை அந்த மூலக்கோப்புகள் எல்லோருடைய க்ளோனுக்கும் (அவரவர் கணினியில் உள்ள ரிப்போ பிரதிக்கும்) போக வேண்டுமா என்பது மட்டும்தான். பேசி முடிவெடுத்தோம். அந்த டேக்கை மட்டும் தனி பண்டிலாகக் கட்டி ஒரு பிரதி அவர் வட்டில், ஒரு பிரதி என் தம்டிரைவில். இரண்டையும் திறந்து, க்ளோன் எடுத்து, ஒரு வேவ் கோப்பை ஓடவிட்டுக் கேட்ட பிறகே சர்வரிலிருந்து டேக்கை எடுத்தேன். ஜிசி. 218 எம்பி.

ஒரே பெயரில் இரண்டு பொங்கல்

கையால் வைத்த டேக்குகளைப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘பொங்கல்-2024’ பட்டியலில் இரண்டு முறை இருந்தது. கிட்டில் ஒரே பெயரில் இரண்டு டேக் இருக்க முடியாது. ஒன்றை அழித்துப் பார்த்தேன், போனது. மற்றதை அழிக்க அதே பெயரைத் தட்டினால், அப்படி ஒரு டேக் இல்லை என்றது. பட்டியலில் அது எதிரிலேயே இருக்கிறது.

பெயரின் பைட்டுகளை எண்ணினேன். தமிழில் ஒவ்வொரு யுனிகோட் குறியும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ‘பொங்கல்-2024’ என்பது ப, ொ, ங, ், க, ல, ் என்று ஏழு குறிகள், 21 பைட். கோடும் ஆண்டும் 5. மொத்தம் 26 வர வேண்டும். அழிய மறுத்தது 29 பைட். ஒருவர் ‘ொ’வை ஒரே குறியாகத் தட்டியிருக்கிறார், இன்னொருவரிடமிருந்து அது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக வந்திருக்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸில் கிட்டுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். மோசம் என்னவென்றால் இரண்டும் வெவ்வேறு கமிட்டைச் சுட்டின. செயலியை வெளியிட்டது எதிலிருந்து என்று பழைய செய்திகளைத் தேடித்தான் உறுதி செய்தேன். நல்ல வேளையாக நான் அழித்தது தவறான கமிட்டில் இருந்தது. மிஞ்சியதன் பெயரை, பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டி, ஒற்றைக் குறி வடிவத்துக்கு மாற்றினேன்.

தமிழில் டேக் பெயர் வைக்கலாம், வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் ொ, ோ, ௌ வரும் பெயர் என்றால் சர்வர் வாசலில் சரிபார்க்க வேண்டும். பைத்தானின் யுனிகோட்-டேட்டாவில் இருக்கும் நார்மலைஸ் செயற்கூறை என்எஃப்சி என்ற ஒற்றைக் குறி வடிவத்துக்கு அழைத்து, முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு வரி.

செவ்வாய்: திரும்பி வந்தவை

ஞாயிறு இரவு மிச்சமிருந்தவை 21 டேக்குகள். திங்கள் நிம்மதியாகப் போனது. செவ்வாய், ஜனவரி 14, பொங்கல் அன்று காலை ‘பொங்கல்-2025’ டேக்கை வைக்க உட்கார்ந்தால், ரிப்போ மறுபடியும் 1.7 ஜிபி. டேக்குகள் 24,870-க்கு மேல்.

எங்கள் நாலாவது ஆள் பயன்படுத்தும் கிட் மென்பொருளில், புஷ் செய்யும்போது, அதாவது மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும்போது, எல்லா டேக்குகளையும் சேர்த்து அனுப்பும் கட்டத்தில் டிக் இருந்தது. அவர் க்ளோனில் பழைய டேக்குகள் எல்லாம் இருந்தன. அவர் ஒரு சொற்பட்டியல் திருத்தத்தை அனுப்பியதும் அத்தனையும் திரும்பி வந்தன, பிடித்திருந்த ஒலிக்கோப்புகளோடு. டேக்கை சர்வரில் அழித்தால் அது சர்வரில் மட்டும்தான் அழிகிறது. ஒவ்வொரு க்ளோனும் அதை வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. அவர் மேல் தவறே இல்லை, இதை முதலில் யோசித்திருக்க வேண்டியது நான்.

இம்முறை வரிசை தெரியும். ஒரே பரிவர்த்தனையில் அழித்து, ஜிசி ஓட்டி, கால் மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பிறகு வாசலில் காவல் போட்டேன். முதலில் எழுதியது ‘அப்டேட்’ ஹூக். ஹூக் என்பது புஷ் வரும்போது கிட் தானாக ஓட்டும் சிறு நிரல். அது ஒவ்வொரு டேக்குக்கும் ஒருமுறை புது நிரலாக எழும். 24,000 டேக்குகளை அனுப்பிச் சோதித்தபோது பை மூச்சுத் திணறியது. ‘ப்ரீ-ரிசீவ்’ ஹூக்காக மாற்றி எழுதினேன். அது ஒரு புஷ்ஷுக்கு ஒரே முறை எழுந்து, முழுப் பட்டியலையும் வரிவரியாகப் படிக்கும். பெயர் ‘பில்ட்-’ என்று தொடங்கினாலும், என்எஃப்சி வடிவத்தில் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பும். ஒரு டேக் தவறினால் அதே புஷ்ஷில் வரும் நல்ல கமிட்டும் திரும்பிவிடும் என்பது இதில் இருக்கும் குறை. அதனால் செய்தியைத் தெளிவாக எழுதினேன்: “பழைய பில்ட் டேக்குகள் சேர்ந்து வருகின்றன. டேக் இல்லாமல் மறுபடி அனுப்புங்கள். உங்கள் கமிட் பத்திரமாக உங்களிடமே இருக்கிறது.” கடைசி வாக்கியம் அவசியம். சிவப்பு எழுத்தைப் பார்த்தால் எழுதியதெல்லாம் போய்விட்டதோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

பிறகு எல்லோருடைய க்ளோனையும் சுத்தம் செய்ய ஒரு கட்டளையைக் குழுவில் அனுப்பினேன். ‘கிட் ஃபெட்ச் --ப்ரூன் --ப்ரூன்-டேக்ஸ் ஆரிஜின்’. சர்வரில் இல்லாத டேக்குகளை உள்ளூரிலும் நீக்கிவிடும். இதில்தான் எனக்கு இன்னும் மனம் ஆறாத தவறு நடந்தது. ஆசிரியை, பிழை பார்த்து முடித்த இடங்களுக்கு ‘சரிபார்த்தது-1’, ‘சரிபார்த்தது-2’ என்று தனக்காக ஐந்து டேக் வைத்திருந்தார். சர்வருக்கு அனுப்பவில்லை, அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை. சர்வரில் இல்லாதவை என்ற கணக்கில் அவையும் போய்விட்டன. செய்தி இல்லாத வெறும் டேக்குகள் என்பதால் தேடி எடுக்க ஆப்ஜெக்டும் இல்லை. டேக்குக்கு கிட் மாற்றப் பதிவும் வைப்பதில்லை. “இதுவரை பார்த்துட்டேன்” என்று அவர் குழுவில் போட்டிருந்த செய்திகளின் நேரத்தையும் கமிட் நேரத்தையும் ஒப்பிட்டு மூன்றை மீட்டேன். கடைசியாக வைத்தது அதில் இருந்ததால் அவர் வேலை நிற்கவில்லை. அந்தக் கட்டளையுடன் ‘--ட்ரை-ரன்’ சேர்த்து ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தால் ஐந்தும் இருந்திருக்கும். இனி யாருக்கும் அது இல்லாமல் அனுப்ப மாட்டேன்.

இப்போதைய ஏற்பாடு

ஸ்கிரிப்ட் இப்போது டேக் வைப்பதே இல்லை. கமிட் மாறியிருந்தால் மட்டும் கட்டிப் பார்த்து, தேதி, ஹேஷ், முடிவு என்று ஒரு உரைக்கோப்பில் ஒரு வரி எழுதும். பழைய டேக்குகளின் விவரத்தையும் பண்டிலிலிருந்து எடுத்து அதே கோப்பில் 1,137 வரிகளாகச் சேர்த்துவிட்டேன். “அந்தச் செவ்வாய்க்கிழமை எது கட்டியது” என்று யாராவது கேட்டால் கிரெப் என்ற தேடல் கட்டளை போதும். இயந்திரம் தனக்காக வைக்கும் குறிப்புக்கு மனிதர்கள் எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பெயர்ப்பட்டியலில் இடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முன்பு வேலையிடத்தில் கிட் போன்ற இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷனில் இருந்தபோதும் இதையே வேறு உருவில் பார்த்தேன். அங்கே டேக் என்பது சர்வரில் மலிவான ஒரு நகல் அடைவு. புதிதாகச் சேர்ந்த ஒருவர் வேர் அடைவையே செக்அவுட் செய்ய, ஒவ்வொரு டேக்கும் முழுப் பிரதியாக இறங்கி அவர் வட்டை நிரப்பியது. வைப்பவருக்கு மலிவு, வாங்குபவருக்குச் செலவு.

கையால் வைக்கும் டேக்குகள் இப்போது பள்ளித் தவணையை ஒட்டியவை. ‘தவணை-4-2024’, ‘பொங்கல்-2025’ என்று. எல்லாம் செய்தியுடன், அந்த வெளியீட்டில் புதிதாக வந்த அட்டைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து. செயலியின் விவரத் திரையில் ‘கிட் டிஸ்க்ரைப்’ தரும் பெயரைத்தான் காட்டுகிறோம். முன்பெல்லாம் அது எப்போதும் ஏதோ ஒரு ‘பில்ட்-’ தேதியைக் காட்டும், யாருக்கும் பயனில்லை. இப்போது ‘பொங்கல்-2025’, அதற்குப் பிறகு எத்தனை கமிட், எந்தக் கமிட் என்று வருகிறது. பெற்றோர் ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் எந்தப் பதிப்பு என்று உடனே தெரிந்துவிடுகிறது.

செலவு: தம்டிரைவ் 14 வெள்ளி. எஸ்டி கார்டைத் தேய்த்த பயத்தில் பிறகு 128 ஜிபி எஸ்எஸ்டியும் யுஎஸ்பி உறையும் வாங்கி ரிப்போவை அதற்கு மாற்றினேன், 38 வெள்ளி. ஆக 52 வெள்ளி, ஒரு வார இறுதி, ஒரு பொங்கல் காலை. காலியான கேஷுடன் ஃபெட்ச் 0.9 வினாடி. ‘ஜிசி.ஆட்டோ’ மறுபடி இயக்கத்தில்.

பிப்ரவரி கடைசியில் ஆசிரியை மறுபடி போன் செய்தார். கிளியின் படத்தைத் தொட்டால் “கிழி” என்று சொல்கிறதாம். ளகர ழகர வேறுபாட்டைப் பழக்கத்தான் அந்த அட்டைகளையே செய்தோம். பொங்கல் வெளியீட்டில் சரியாக இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தது. ‘பொங்கல்-2025’ நல்லது, இன்றைய கமிட் கெட்டது என்று சொல்லி ‘கிட் பைசெக்ட்’ தொடங்கினேன். இடையிலுள்ள கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்து, தவறு நுழைந்த கமிட்டைத் தேடும் கட்டளை அது. இடையில் 61 கமிட்டுகள். ஒவ்வொரு படியிலும் செயலியைக் கட்டி, கிளியைத் தொட்டு, காதில் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். கிளி, கிழி, கிழி, கிளி, கிழி, கிளி. ஆறாவது படியில் கமிட் சிக்கியது. ஒலிக்கோப்புகளுக்குப் பெயர் மாற்றியபோது இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. வாழை அட்டையிலும் அதே தவறு இருந்தது, யாரும் இன்னும் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. இரண்டையும் திருத்தி, ஆசிரியை கேட்டுச் சரி என்று சொன்ன பிறகு, ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு வெளியிட வேண்டிய பதிப்பில் சேர்த்தேன். அதற்கான டேக்கை இந்த முறை அவர்தான் வைக்கிறார்.